ரங்கனுக்கு என்ன வயது

திருச்சியில் இறங்கியதும் என் தம்பி மணியம் செய்த முதல் காரியம், ஆட்டோக்காரரைத் திட்டியது. அதுவும் மலாய் மொழியில்.

காரணம் இல்லாமல் இல்லை. ஸ்ரீரங்கம் என்று சொல்லித்தான் ஏறினோம். கொஞ்ச நேரத்தில் மலைக்கோட்டை வலப்பக்கம் தெரிந்தது. பிறகு இடப்பக்கம் வந்தது. பிறகு மறுபடியும் வலப்பக்கமே போய்விட்டது. "பாறை நகராது அக்கா, இவன்தான் நம்மைச் சுற்றுகிறான்" என்றான் மணியம். எங்கள் மலேசியாவில் நாலு பேர் நடுவே இரகசியம் பேசவேண்டுமென்றால் தமிழில் பேசுவோம். இங்கே எல்லாருக்கும் தமிழ் தெரிந்திருக்கிறதே, என்ன செய்வது? அதனால் மலாய்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்காமலே நல்ல மலாயில் பதில் சொன்னார். "சுற்றவில்லை அங்கிள். பாலத்துப் பக்கம் சாலையை அடைத்துவிட்டார்கள்." பிறகு தமிழில், "உங்க மலேசியாவுல, ஜொகூர்ல ஒரு பரோட்டாக் கடையில ரொட்டி சானாய் வீசிக்கிட்டிருந்தேன் அங்கிள், ரொம்ப வருஷம். திட்டு வார்த்தைதான் முதல்ல கத்துக்கிட்டேன்" என்றார்.

மணியம் ஸ்ரீரங்கம் வரும்வரை வெளியே இருந்த கடைப் பலகைகளை ஒன்று விடாமல் படித்துக்கொண்டு வந்தான். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவர் பெயர் அந்தோணி. இறங்கும்போது மணியமே அவர் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வேறு ஆட்டோவில் ஏறினால் அங்கேயும் ஒரு ஜொகூர்க்காரர் இருந்துவிட்டால்?

நான் வாய் திறந்து பேசப் பயப்படுகிறவள். கடையில் கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். எங்கள் வீட்டில் உப்புக்குப் பதிலாகச் சீனி வந்து சேர்ந்த நாட்கள் உண்டு. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுவேன். அப்படிப்பட்ட என்னை மணியம் கடல் தாண்டி அழைத்து வந்தது ஒரே ஒரு வாக்கியம் சொல்வதற்காக. எங்கள் அண்ணன் தம்பி வரிசையில் காணாமல் போன ரங்கன், போய்ச் சேர்ந்துவிட்டான் என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும்.

ரங்கன் எனக்கு இளையவன், மணியத்துக்கு மூத்தவன். அவன் காணாமல் போன பிறகுதான் மணியம் பிறந்தான். நாங்கள் இருந்தது ரப்பர் தோட்டம். கடைசி வரிசை மரம் முடிந்தால் காடு. அம்மாவும் அப்பாவும் பால் மரம் வெட்ட விடிவதற்குள் போய்விடுவார்கள். பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விடுவார்கள். ஒரு காலை, ஆயா கஞ்சி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மூன்று வயது ரங்கன் தன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அது காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு பட்டாளம் சண்டை போட்ட காலம். மாலை ஆனால் வேலிக்கு வெளியே யாரும் போகக்கூடாது என்று சட்டம். பகலில் தேடுவார்கள், சங்கு ஊதியதும் திரும்பிவிடுவார்கள். போலீஸ் வந்தது. காட்டையே வீடாக வைத்திருந்த ஓராங் அஸ்லி ஆட்கள் வந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார்கள். ஓடைக்கரை வரைக்கும் சின்னக் கால் தடம் இருந்தது என்றார்கள். அதற்கு அப்புறம் மழை.

புலி என்றார்கள் சிலர். ஓடை என்றார்கள் சிலர். பிள்ளை இல்லாத யாரோ தூக்கிக்கொண்டு போய் நன்றாக வளர்க்கிறார்கள் என்றாள் அம்மா. சாகும்வரை அதையேதான் சொன்னாள்.

எங்கள் வீட்டில் அதனால் என்ன ஆயிற்று என்றால், ரங்கன் வளர ஆரம்பித்துவிட்டான்.

முதல் நாள் சாப்பாட்டைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் தங்கிய இடத்துக்குக் கீழேயே ஓட்டல். "பசியாற என்ன இருக்கு?" என்று மணியம் கேட்டதும் பரிமாறுகிறவர் ஏதோ கோயில் பாட்டுக் கேட்டதுபோல நின்றார். "டிபன்தானே கேக்குறீங்க?" என்றார். வந்த இட்லியைத் தொட்டால் பஞ்சு. சட்னி மூன்று நிறம். நம்மூரில் சாம்பாரை இட்லிக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இங்கே இட்லியைத் தேட வேண்டியிருந்தது. காப்பி மட்டும் மணியத்துக்கு ஒத்துவரவில்லை. நம்மூர்க் கோப்பிக் கடையில் ஒரு குவளை குடித்தால் மதியம் வரை தாங்கும். இங்கே வந்த தம்ளரைத் தூக்கிப் பார்த்து, "இது காப்பியா, மருந்தா?" என்றான்.

"மூணு வாங்கி ஒண்ணா ஊத்திக்குங்க சார்" என்றார் பரிமாறுகிறவர் விளையாட்டாக.

மணியம் மூன்று வாங்கி ஒன்றாக ஊற்றிக்கொண்டான். அடுத்த மாதம் அவனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். டாக்டர் காப்பியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். "தம்ளர் சின்னது அக்கா, கணக்குல வராது" என்றான்.

மறுநாள் மலைக்கோட்டைக்குக் கீழே கடைவீதிக்குப் போனோம். திதி கொடுப்பவன் உடுத்திக்கொள்ள வேட்டி வாங்க வேண்டும். அந்தத் தெருவில் நடக்கிறோம் என்று சொல்ல முடியாது, தள்ளிக்கொண்டு போகப்படுகிறோம். ஒரு பக்கம் புடவை, ஒரு பக்கம் பாத்திரம், நடுவில் ஒரு மாடு. மாட்டுக்கு மட்டும் எல்லாரும் வழி விட்டார்கள். நான் அதன் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன்.

கடைக்காரர் வேட்டியோடு நிறுத்தவில்லை. சட்டைகளையும் எடுத்து விரித்துவிட்டார். "சாருக்கு என்ன சைஸ்?"

"எனக்குத் தெரியாதுங்க. எங்கண்ணன் சைஸ்தான் தெரியும்" என்றான் மணியம்.

கடைக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, சிரிப்பும் வந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா ரங்கனுக்கு ஒரு சட்டை எடுப்பாள். வருடா வருடம் ஓர் அளவு பெரிதாக. "இந்நேரம் தோள் அகன்றிருப்பான்" என்று கைவிரித்துக் காட்டுவாள். சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அந்தச் சட்டையை மணியத்துக்குப் போட்டுவிடுவாள். எந்த வருடமும் அது அவனுக்குப் பெரிது. கைகள் சட்டைக்குள்ளேயே இருக்கும். தீபாவளிப் படங்களில் எல்லாம் எங்கள் மணியம் கை இல்லாத பிள்ளையாகத்தான் நிற்பான்.

சட்டையோடு போனதா? மணியம் பரீட்சையில் தோற்றால், "ரங்கன் இருந்தால் தேறியிருப்பான்" என்பாள். மணியம் லாரி ஓட்டப் போனபோது, ரங்கன் தோட்டத்து ஆபீசில் கிராணியாக உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தான், அம்மாவின் பேச்சில். மணியத்தின் கல்யாணத்தன்று, "மூத்தவனுக்கு முடிக்காமல் இவனுக்கு முடிக்கிறோமே" என்று ஒரு மூச்சு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கும் எங்காவது முடிந்திருக்கும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டாள். ரங்கன் குடித்ததில்லை, கடன் வாங்கியதில்லை, லாரியைக் கால்வாயில் இறக்கியதில்லை. அப்படி ஓர் அண்ணனோடு யார் போட்டி போட முடியும்?

"ரங்கனுக்கும் இப்ப நெஞ்சுவலி வந்திருக்கும்ல?" என்றேன் கடையை விட்டு வெளியே வந்ததும்.

"அவனுக்கு வராது. அவன் காப்பி குடிக்க மாட்டான்" என்றான் மணியம்.

மூன்றாம் நாள் திருவெள்ளறை. எங்கள் தாத்தா அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கப்பல் ஏறியவர். எந்தக் கிராமம் என்பது தாத்தாவோடு போய்விட்டது. அதனால் திருவெள்ளறைப் பெருமாள் கோயிலில் ஒரு விளக்கு வைத்துவிட்டு, அதன்பிறகு ரங்கன் காரியத்தைச் செய்வது என்று முடிவு. அந்தோணி அன்று உறவுக்காரர் கல்யாணத்துக்காகச் சர்ச்சுக்குப் போய்விட்டார். பஸ்ஸில் போனோம்.

பஸ்ஸில் நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மணியம் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டான். கண்டக்டர், "திருவெள்ளறை யாரு, திருவெள்ளறை!" என்று கூவினார். ஊர்ப் பலகையையும் நான் படித்தேன். எழுந்து, "நாங்கதாங்க" என்று சொல்ல வேண்டும். பஸ் நிறைய ஆட்கள். அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்களே என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் விசில் அடித்துவிட்டார். மணியத்தைத் தட்டி எழுப்பி, அடுத்த ஊரில் இறங்கி, வெயிலில் வயல் ஓரமாக நடந்தே திரும்பினோம்.

"பலகையைப் பாத்தியா, பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டும் வாயைத் திறக்கலையா?"

"நீ தூங்கிட்டிருந்தே."

"நான் தூங்கினா உன் வாயுமா தூங்கணும்?" என்றான். கொஞ்ச தூரம் போய், "நாளைக்கும் இப்படி நின்னுடாதே அக்கா" என்றான். அதை அவன் கேலியாகச் சொல்லவில்லை.

கோயிலில் கூட்டமே இல்லை. நிதானமாகக் கும்பிட்டோம். அங்கே ஒரு பழைய கேணி இருக்கிறது. நாலு பக்கமும் படிக்கட்டு. ஒவ்வொரு படிக்கட்டும் பாதியில் வளைந்து இறங்குவதால், ஒரு துறையில் இறங்கியவர் மற்றத் துறையில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். வேலி ஓரமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் சொன்னாள். "மாமியா ஒரு பக்கம், மருமவ ஒரு பக்கம் குளிக்கலாங்க. சண்டையே வராது."

"நம்ம தோட்டத்துல இது ஒண்ணு வெட்டியிருக்கலாம்" என்றான் மணியம். "நீ அந்தப் பக்கம் எறங்கு, நான் இந்தப் பக்கம். தெரியுதா இல்லையான்னு பாப்போம்."

இறங்கினேன். வளைவு திரும்பியதும் சுவர்தான். தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் நின்றேன். காக்கை கூடக் கத்தவில்லை. அறுபத்தெட்டு வயதில் கண்ணாமூச்சி ஆடுகிறான் என்று ஒரு மனம் சொன்னது. டாக்டர் சொன்னது எல்லாம் இன்னொரு மனத்தில் ஓடியது. நான் பிறந்ததிலிருந்து அப்படிக் கத்தியதில்லை. மூன்று முறை கத்தினேன். அந்த ஆட்டுக்காரப் பெண் ஓடி வந்துவிட்டாள்.

"யாரைத் தொலைச்சீங்கம்மா?"

"தம்பிய."

"அய்யோ, எத்தனை வயசுப் புள்ள?"

"அறுபத்தெட்டு."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நான் என்னமோன்னு குலை பதற ஓடியாறேன். அது பசிச்சா தானா வந்துரும், வாங்க."

வந்தான். சிரித்துக்கொண்டு வருவான் என்று பார்த்தால், முகம் ஒரு மாதிரி இருந்தது. என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தான்.

"யாரைக் கூப்பிட்டே?"

"உன்னைத்தான்."

"இல்லக்கா. ரங்கா, ரங்கான்னு கூப்பிட்டே."

எனக்கு அது தெரியாது. ஆட்டுக்காரப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது குடும்ப விஷயம் என்று கண்டுகொண்டு, ஆட்டைத் திட்டிக்கொண்டே போய்விட்டாள்.

"பாரு" என்றான் மணியம். "நான் ஒண்ணும் கோவப்படல. நெஞ்சைக் கிழிக்கப் போறாங்க எனக்கு. பொழைச்சு வந்தா சரி. இல்லன்னா, ரங்கனுக்குச் செய்ய ஆம்பளைன்னு நம்ம வீட்டுல யாரும் இல்ல. இருக்கானா செத்தானான்னு தெரியாம நான் கண்ணை மூட மாட்டேன். அவனைக் கண்ணால பாத்தவங்கள்ள நீ ஒருத்திதான் மிச்சம். நாளைக்குத் திதி பண்ணி வைக்கிற சாமிகிட்ட, அவன் போயிட்டான்னு நீ சொல்லிடு. அவ்வளவுதான்."

அம்மா சொன்னதும் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "அவன் போயிட்டான்னு ஊர் ஆயிரம் சொல்லட்டும். பார்த்தவ நீ சொல்லாதே." கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது அது. நான் எழுந்து புடவைத் தூசியைத் தட்டிவிட்டுப் படியேறினேன். திரும்பும்போது கண்டக்டர் கேட்பதற்கு முன்பே மணியம், "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

நாலாம் நாள் காலை, காவேரிக் கரையில் அம்மா மண்டபம் என்கிற படித்துறையில் அந்தோணி எங்களை இறக்கிவிட்டார். காவேரியில் தண்ணீர் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மண்டபம் முழுக்க வட்டம் வட்டமாகக் குடும்பங்கள். எள், தர்ப்பை, வாழைப்பழம், மாவு உருண்டை. அந்த உருண்டைகள் எப்போது முடியும் என்று பசு மாடுகள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. நம்மூரில் இதற்கெல்லாம் கோயிலில் முன்கூட்டிப் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இங்கே உட்கார இடம் கிடைத்தால் ஆரம்பித்துவிடலாம்.

எங்களுக்குக் கிடைத்த சாஸ்திரிகள் நடுவயதுக்காரர். மடியில் போன். "வாங்கோ, உக்காருங்கோ. எந்த ஊர்லேருந்து வரேள்? மலேசியாவா, பேஷ்." இலையைப் போட்டார். "யாருக்குப் பண்ணணும்?"

"அண்ணனுக்கு. ரங்கசாமி" என்றான் மணியம். புது வேட்டி கஞ்சி மொடமொடப்போடு அவனைச் சுற்றித் தனியாக நின்றது.

"என்ன திதி?"

"தெரியாதுங்க."

"பரவால்ல. என்ன வயசு?"

"எழுபத்திரண்டு" என்றான் மணியம்.

"மூணு" என்றேன் நான்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. சாஸ்திரிகள் தர்ப்பையைக் கீழே வைத்தார். "ஒருத்தர் எழுபத்திரண்டுங்கறார், ஒருத்தர் மூணுங்கறா. நீங்க ரெண்டு பேரும் எந்த ரங்கசாமியைச் சொல்றேள்?"

மணியம் எல்லாவற்றையும் சொன்னான். தோட்டம், கஞ்சிக் கிண்ணம், ஓடைக்கரை, மழை. சாஸ்திரிகள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டுக் கேட்டார். பக்கத்து வட்டத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள், எள்ளைக் கையில் வைத்துக்கொண்டு.

"சிக்கலாச்சே" என்றார் அவர். "மூணு வயசுலயே போயிட்டான்னா, அந்தக் குழந்தைக்குத் திதியும் கிடையாது, பிண்டமும் கிடையாது. எங்க வழக்கத்துல அவ்வளவு சின்னதுகளுக்கு ஒண்ணும் பண்றதில்லை. அதுகளுக்கு வேண்டியதில்லை. இல்லை, எங்கயோ வளர்ந்து எழுபத்திரண்டு வயசாயிடுத்துன்னா, இருக்காரோ இல்லையோ, அதுக்கு வேற வழி இருக்கு. தர்ப்பையால உருவம் பண்ணி, அவரா நெனச்சுக் கொளுத்தணும். அன்னியோட அவர் போனதாக் கணக்கு. அப்புறம் வருஷா வருஷம் திதி."

"கொளுத்தினதுக்கு அப்புறம் ஆள் திரும்பி வந்துட்டா?" என்றான் மணியம்.

"வந்தா, புதுசாப் பொறந்த மாதிரி. பேர் வெக்கறதுலேருந்து காது குத்தறது வரைக்கும் எல்லாம் திரும்பப் பண்ணணும். கல்யாணம் உள்பட. அதே பொண்டாட்டியோட."

"அதே பொண்டாட்டியோடயா? வேற வழியே இல்லையா சாமி?"

பக்கத்து வட்டத்தில் திதி கொடுத்துக்கொண்டிருந்தவர் வாய்விட்டுச் சிரித்து, அவர் மனைவியிடம் ஒரு பார்வை வாங்கிக்கொண்டார். சாஸ்திரிகளும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கதானே அம்மா பார்த்தவா. நீங்க சொல்லுங்கோ. எந்த வயசுன்னு வெச்சுக்கலாம்?"

மணியமும் என்னைப் பார்த்தான். மாடுகூடப் பார்த்தது.

எழுபத்திரண்டு வயது ரங்கனை யோசித்துப் பார்த்தேன். அம்மா அவனுக்கு வேலை கொடுத்தாள், பெண் பார்த்தாள், மூக்குக் கண்ணாடிகூடப் போட்டுவிட்டாள். எனக்கு எவ்வளவு முயன்றும் அவன் முகம் வரவில்லை. வழுக்கையா, நரையா, தெரியவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றவனின் முகம்தான் வந்தது. மேல் உதட்டில் கஞ்சி. அவன் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வளரவில்லை. எனக்கு அது எப்போதோ தெரியும்.

"மூணு வயசுதான் சாமி" என்றேன். பஸ் கண்டக்டருக்குக் கூடக் கேட்டிருக்கும். "அவனுக்கு அவ்வளவுதான் வயசு."

சாஸ்திரிகள் இலையை மெல்ல மடித்தார். "அப்போ ஆயிடுத்து. அந்தக் குழந்தைக்கு நம்ம யார் கையாலயும் எதுவும் வேண்டாம். ரெண்டு பேரும் காவேரியில ஸ்நானம் பண்ணிட்டுப் போங்கோ" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவர்களைக் கூப்பிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

முழுகி எழுந்து படியில் உட்கார்ந்தோம். மணியத்தின் புது வேட்டி நனைந்து ஒருவழியாக அவனோடு ஒட்டிக்கொண்டது. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியதும் எனக்குப் பயம் வந்து முதுகில் கை வைத்தேன். நெஞ்சுவலி இல்லை.

"மூணு வயசு" என்றான். "என் பேத்தி வயசுக்கா. இந்த வயசுப் புள்ளைகிட்டதான் நான் இத்தனை வருஷம் கோவப்பட்டுக்கிட்டு இருந்தேனா?"

நான் முந்தானையால் அவன் தலையைத் துவட்டிவிட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப நான்தான் அவனுக்குப் பெரியவன், இல்ல?" என்றான்.

"ஆமா. ரொம்பப் பெரியவன்."

கொஞ்சம் யோசித்தான். பிறகு, பிறந்ததிலிருந்து அண்ணன் என்றே சொல்லி வந்தவன், முதல் தடவையாக வேறு மாதிரிக் கேட்டான்.

"அந்தப் பய எப்படிக்கா இருப்பான்?"

எங்கள் வீட்டில் இதை யாரும் கேட்டதே இல்லை. அவன் எப்படி ஆகியிருப்பான் என்றுதான் பேசுவோம். சொன்னேன். வெல்லத்தைத் திருடி வாய் நிறைய அடக்கிக்கொள்வான், யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவான். கோழிக்குஞ்சைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, சட்டை கீச்சுக் கீச்சென்று கத்தும்போது அதட்டுவான். என் சடையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவான், இழுத்தால் கடிப்பான். "திருட்டுப் பய" என்று மணியம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "கடிப்பானா? எங்க கடிப்பான்?" என் முழங்கைக்குக் கீழே ஓர் இடத்தைக் காட்டினேன். இன்னும் சொன்னேன். மழை பெய்தால் வாயைத் திறந்துகொண்டு வாசலில் நிற்பான் என்றேன். எனக்கே மறந்துபோனது என்று நினைத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

அந்தோணி படித்துறை மேலிருந்து ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். பிறகு அவரே படியிறங்கி வந்து, "அங்கிள், மதியச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு. போலாமா?" என்றார்.

மணியம் திரும்பாமலே கையைக் காட்டி அவரை நிறுத்தினான்.

"அக்கா பேசிக்கிட்டிருக்கு" என்றான். "கொஞ்சம் இருங்க."